மூக்கு நீளமான பெர்சியன் குட்டி

காரைக்குடியில் வாங்கிய பெர்சியன் பூனைக்குட்டிக்கு மூக்கு சப்பையாக இல்லை, எந்நேரமும் தரையிலேயே படுத்துக் கிடக்கிறது, ஏமாற்றிவிட்டார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். மூக்கை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. 1620 வாக்கில் பியெத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணி பாரசீகத்தில் நீளமுடிப் பூனைகளைப் பார்த்து எழுதினார். ஆனால் இன்றைய பெர்சியனை உருவாக்கியது பெரும்பாலும் இங்கிலாந்தும் அமெரிக்காவும்தான். 19ஆம் நூற்றாண்டுப் படங்களைப் பாருங்கள், மூக்கு நன்றாகவே தெரியும். அடுத்த நூற்றாண்டில் ஆட்கள் தேர்ந்தெடுத்து இணைசேர்த்துத்தான் முகத்தைத் தட்டையாக்கினார்கள். மூக்குள்ளவற்றை ‘டால் ஃபேஸ்’ என்பார்கள். உருண்டைத் தலை, குட்டைக் கால், அடர்ந்த உள்முடி இருக்கிறதா பாருங்கள். சான்றிதழ் தராமல் ‘ஒரிஜினல்’ என்று கூடுதல் காசு வாங்கியிருந்தால், அதைத்தான் கேட்க வேண்டும்.

நம்ம ஊர் வெயிலுக்கு இந்த மூக்குதான் நல்லது, மூச்சுத் தொல்லை குறைவு. சுபாவமும் சாதுதான், நாட்டுப்பூனை மாதிரி ஓட்டின் மேல் ஏறி அலையாது. ஆத்தங்குடித் தரைக் கல்லில் படுப்பது குளிர்ச்சிக்காக, கிடக்கட்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, சாப்பிடாமல் சுருண்டு கிடந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம், தினமும் சீப்பு போடுங்கள். கால் இடுக்கிலும் வயிற்றிலும்தான் முதலில் சிக்கு விழும்.