வாசகர் கேள்வி–பதில்: ஆர்.சி. முடிந்த வண்டி தெருவில் நிற்கலாமா?

கேள்வி: டி.என். 76 எண்ணில் தென்காசியில் பதிவான கார். ஆர்.சி.யின் (பதிவுச் சான்று) 15 வருடம் முடிந்து நான்கு மாதம் ஆகிறது. புனலூரில் எங்கள் வீட்டுத் தெருவோரம் நிறுத்தியதோடு சரி, சாவிகூடப் போடவில்லை. போலீஸ் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டி, எடுக்காவிட்டால் டோ செய்வோம் என்கிறது. ஓட்டாத வண்டிமேல் எப்படி நடவடிக்கை எடுக்கலாம்?
– வாசகர், புனலூர்

பதில்: பாதி நியாயம் உங்கள் பக்கம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-வது பிரிவு, செல்லுபடியாகும் பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் ‘ஓட்டக் கூடாது’ என்றுதான் சொல்கிறது. நின்றிருந்த வண்டிக்கு 192-வது பிரிவில் (முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை) சலான் போட்டால், பணம் கட்டாமல் கோர்ட்டில் வாதாடலாம்.

ஆனால் நோட்டீஸுக்குப் பின்னால் இருப்பது 127-வது பிரிவு. பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ ஆளில்லாமல் விட்ட வண்டியை டோ செய்யவோ, சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி உத்தரவிடலாம். ஆர்.சி. நடப்பில் இருந்தாலும் இதேதான். டோ கூலியும் உங்களுடையது. தெரு பொது இடம். உங்கள் கேட்டுக்கு உள்ளே அப்படியில்லை. இன்றே நாலு பேரைக் கூப்பிட்டு வண்டியைத் தள்ளிக் காம்பவுண்டுக்குள் விடுங்கள்.

ஃபைனைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. தற்காலிகப் பதிவு முடிந்த ஒரு ஜீப், விடுதி வாசலில் இரவு நிறுத்தியிருந்தபோது திருடு போனது. பதிவில்லாத வண்டிக்கு இழப்பீடு தர வேண்டியதில்லை என்று 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இன்சூரன்ஸ் கம்பெனி பக்கமே தீர்ப்புச் சொன்னது. பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருந்தும் கைக்கு ஒன்றும் வரவில்லை. தெருவில் நிற்கும் உங்கள் காருக்கும் இந்த ஆபத்து உண்டு.

புதுப்பிக்கத் தென்காசிக்குப் போக வேண்டும் என்பதற்காக ஆரியங்காவு, புளியரை வழியாக ஓட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். சக்கரம் உருண்டதும் 39-வது பிரிவு நிஜமாகவே பொருந்திவிடும். 207-வது பிரிவின்படி வண்டியைப் பிடித்தும் வைக்கலாம். ரெக்கவரி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். படிவம் 25, நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, பசுமை வரி ரசீது ஆகியவை வேண்டும். காருக்குக் கட்டணம் 5,000 ரூபாய் (20 வருடம் தாண்டியதென்றால் 2025 முதல் 10,000). தாமதத்துக்கு மாதம் 500 வீதம் உங்களுக்கு 2,000. பைக் என்றால் 1,000, தாமதத்துக்கு மாதம் 300. தேதி முடிவதற்கு 60 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. புதுப்பித்தால் 5 வருடம்.

விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் சேசிஸ் நம்பரால்தான் (வண்டியின் உடலில் பொறித்த அடையாள எண்). மூன்று மாதம் மழையில் நின்ற வண்டியில் அந்த எண்மேல் துரு பூத்திருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடைத்து, நைஸ் எமரி பேப்பரால் லேசாகத் தேயுங்கள். கிரைண்டர் வேண்டவே வேண்டாம். ஓர் எண் மழுங்கினாலும் வண்டிமேலேயே சந்தேகம் வந்துவிடும். பிறகு பென்சில் கரியைத் தேய்த்து, செல்லோ டேப் ஒட்டி எடுத்தால் பிரிண்ட் பளிச்சென்று வரும்.

கார் கேரளத்தில் 12 மாதத்துக்கு மேல் இருக்கப் போகிறதென்றால் கே.எல். எண் வாங்கியாக வேண்டும். முதலில் ஆர்.சி.யைப் புதுப்பித்துவிட்டு, அப்புறம் படிவம் 28-ல் தடையின்மைச் சான்று கேளுங்கள்.

கேள்வி: லோடு ஆட்டோவுக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) முடிந்து 20 நாள். மார்க்கெட்டில் காய்கறி இறக்கிக்கொண்டிருந்தபோது பிடித்தார்கள். நின்ற வண்டிதானே என்று சொல்லிப் பார்த்தேன்.
– வாசகர், செங்கோட்டை

பதில்: அந்த வாதம் உங்களுக்கு நிற்காது. பாதி இறக்கிய மூட்டையே வண்டி ஓடி வந்ததற்குச் சாட்சி. ‘ஓட்டப்பட்டிருக்கிறது’ என்று நம்பக் காரணம் இருந்தாலே 207 போதும். எஃப்.சி. இல்லாத வாடகை வண்டி, பதிவே இல்லாததாகத்தான் கருதப்படும். ஆர்.சி.யில் 15 வருடத் தேதியைப் பார்த்துவிட்டு எஃப்.சி. தேதியை விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. 8 வருடம் வரை 2 வருடத்துக்கு ஒரு முறை, பிறகு வருடா வருடம் காட்ட வேண்டும்.

தாமதத்துக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய், உங்களுக்கு 1,000. பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டுவதற்கு முன் டயர் பட்டன் 0.8 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கிறதா, ஹேண்ட் பிரேக் சரிவில் பிடிக்கிறதா, இண்டிகேட்டர் நாலும் எரிகிறதா, முன்னால் வெள்ளையும் பின்னால் சிவப்புமாக ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் உரியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தார்ப்பாய் உரசி உரசிப் பின் ஸ்டிக்கர்தான் முதலில் போகும்.

கேள்வி: கட்டண பார்க்கிங்கில் டோக்கன் கொடுக்கிறவர், ஆர்.சி. தேதி முடிந்துவிட்டது என்று சக்கரத்துக்குப் பூட்டுப் போடலாமா?
– வாசகி, களியக்காவிளை

பதில்: கூடாது. கட்டணம் வசூலிப்பதோடு அவர் வேலை முடிந்தது. ஆர்.சி.யையும் எஃப்.சி.யையும் காட்டச் சொல்லும் உரிமை சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரிக்கும், ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும், அதற்கென அதிகாரம் பெற்ற மற்ற அதிகாரிகளுக்கும்தான். அவர்களிடமும் டிஜிலாக்கர், எம்பரிவாகன் ஆகிய அரசுச் செயலிகளில் இருப்பதைக் காட்டினால் போதும். பூட்டைப் போட்டுவிட்டால் உடைக்காதீர்கள். டோக்கனையும் பூட்டையும் நம்பர் பிளேட்டோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போன் செய்யுங்கள்.