வீடு ஏன் ஃப்ரேமுக்குள் அடங்கவில்லை?

வணக்கம்.
த்ரீ.ஜேஎஸ்-இல் (உலாவியில் முப்பரிமாணக் காட்சி வரையும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) ஒரு வீட்டு மாடலைக் காட்டுகிறேன். கணினியில் முழுதாகத் தெரியும் வீடு, போனில் இருபுறமும் வெட்டுப்படுகிறது. கேமராவை ஒரு புள்ளியை நோக்கித் திருப்பும் லுக்அட் கொடுத்தும் கேமரா வீட்டின் நடுவைப் பார்ப்பதில்லை. சுவரில் 5 மில்லிமீட்டர் தள்ளிப் பதித்த பெயர்ப்பலகை தூரத்திலிருந்து மினுக்குகிறது. என்ன செய்யலாம்?
வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போனில் வெட்டுப்படுவதற்குக் காரணம், பெர்ஸ்பெக்டிவ் கேமராவுக்குத் தரும் கோணம் மேலிருந்து கீழாக அளக்கப்படுவது. 50 டிகிரி என்றால் உயரத்துக்குத்தான் 50. அகலக் கோணம் திரையின் விகிதத்தைப் பொறுத்து மாறும்; போனை நிமிர்த்திப் பிடித்தால் சுருங்கிவிடும்.

அதனால் தூரத்தைக் கண்ணால் பார்த்து வைக்காமல் கணக்குப் போடுங்கள். மாடல் முழுவதையும் அடக்கும் கோளத்தின் ஆரத்தை, பாதிக் கோணத்தின் சைனால் வகுக்க வேண்டும். ஆரம் 8 மீட்டர், கோணம் 50 டிகிரி என்றால் 8-ஐ சைன் 25-ஆல் வகுக்க, சுமார் 19 மீட்டர். அகலம் உயரத்தில் பாதியாக உள்ள போனில், டேன் 25-ஐ 0.5-ஆல் பெருக்கி ஆர்க்டேன் எடுத்தால் பாதி அகலக் கோணம் 13.1 டிகிரி, தூரம் 35 மீட்டராகிவிடும். இரண்டு பாதிக் கோணங்களில் சிறியதையே எப்போதும் எடுங்கள். திரை திரும்பும்போது ஆஸ்பெக்டை (திரையின் அகல-உயர விகிதம்) மாற்றி, அப்டேட்புரொஜெக்‌ஷன்மேட்ரிக்ஸை அழைத்து (மாற்றத்தைக் கேமரா ஏற்கச் செய்யும் கட்டளை இது), தூரத்தையும் திரும்பக் கணக்கிட வேண்டும். பின்னால் போகச் சோம்பல்பட்டு கோணத்தை 90-க்கு ஏற்றாதீர்கள். வீடு அடங்கும், ஆனால் ஓரத்துத் தூண்கள் இழுபட்டு வீட்டின் அளவே பொய்யாகத் தெரியும்.

பயனர் மாடலைச் சுற்றிப் பார்க்க உதவும் ஆர்பிட்கன்ட்ரோல்ஸை நீங்கள் பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதன் டார்கெட், அதாவது கேமரா சுற்றிவரும் மையப்புள்ளி, முதலில் 0, 0, 0-வில் இருக்கும். ஒவ்வொரு அப்டேட்டிலும் கேமராவை அங்கேயே திருப்பிவிடும். லுக்அட்டை விட்டுவிட்டு, கோளத்தின் மையத்தை டார்கெட்டாக வைத்து அப்டேட் செய்யுங்கள்.

மினுக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் நியர் மதிப்புதான், அதாவது கேமரா எவ்வளவு தூரத்திலிருந்து வரையத் தொடங்குகிறது என்பது. எது முன்னால், எது பின்னால் என்று அறிய ஒவ்வொரு பிக்சலின் தூரத்தையும் குறித்துவைக்கும் டெப்த் பஃபரின் துல்லியத்தில் பெரும்பங்கு கேமராவுக்கு அருகிலேயே செலவாகிவிடுகிறது. நியர் 0.01 என்றால், 24 பிட் பஃபரில் 35 மீட்டருக்கு அப்பால் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் இடைவெளியைத்தான் பிரித்தறிய முடியும். உங்கள் பலகை 5 மில்லிமீட்டரில் இருக்கிறது! நியரை 1 ஆக்கினால் அது 0.1 மில்லிமீட்டருக்கும் கீழே வந்துவிடும். கேமரா வரையும் கடைசித் தூரமான ஃபாரைக் குறைப்பதால் பெரிய பலன் இல்லை. நியரைக் கூட்டிய பிறகு, பயனர் நெருங்கிப் போனால் முன்சுவர் அறுபட்டு உள்ளறை தெரியும். அதைத் தடுக்க, டார்கெட்டை எவ்வளவு நெருங்கலாம் என்று வரையறுக்கும் ஆர்பிட்கன்ட்ரோல்ஸின் மின்டிஸ்டன்ஸை 9 மீட்டருக்குக் (கோளத்தின் ஆரம் 8, நியர் 1) கீழே விடாதீர்கள்.