ரோஜா இலை வெளிறி, அடியில் நூலாம்படை: மருந்து அடித்தும் ஏன் போகவில்லை?

குமரி மாவட்டம் ஆரல்வாய்மொழியில் மொட்டைமாடித் தொட்டி ரோஜாவுக்குப் பூச்சிமருந்து அடித்தும் இலை வெளிறுவது நிற்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது செஞ்சிலந்திப் பேன்தான். எட்டுக்கால் உயிரி, பூச்சியே அல்ல. அதனால் பல பூச்சிமருந்துகள் இதைக் கொல்வதில்லை. இதைத் தின்னும் நல்ல உயிரிகளைத்தான் கொல்கின்றன. அடிக்க அடிக்கப் பெருகுவது இதனால்தான்.

உறுதி செய்ய, இலையை வெள்ளைத்தாளின் மேல் தட்டுங்கள். புள்ளிகள் நகர்ந்தால் பேன்தான்.

மேற்கே விளவங்கோடு பக்கம் மழை அதிகம். உங்கள் ஊரிலோ கணவாய்க் காற்றும் வெயிலும். சூடும் வறட்சியும் சேர்ந்தால் முட்டையிலிருந்து ஒரு வாரத்திலேயே முழுப்பேன் ஆகிவிடும். ஆகவே மருந்தை விட தண்ணீரைத்தான் நான் நம்புவேன். காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி குழாயால் வேகமாகப் பீய்ச்சுங்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை. மோசமான இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். செடியை வாடவிடாதீர்கள்.

அப்புறமும் இருந்தால், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் அடியுங்கள். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் 5 முதல் 7 நாளில் மறுபடியும் தெளிக்க வேண்டும். நனையும் கந்தகமும் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) பலன் தரும். ஆனால் கடும் வெயிலிலோ, எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளோ அடித்தால் இலை கருகிவிடும்.