முகத்தை மாற்றாமல் ஆளை மாற்றியவர்

கேள்வி: கதாநாயகனாக இல்லாமலே மனதில் நிற்கிற ஆங்கிலேய குணச்சித்திர நடிகர் என்றால் யாரைச் சொல்வீர்கள்?

யோசிக்காமல் சொல்வேன், பீட் போஸல்த்வெய்ட். பெயர் வாயில் நுழையவில்லை, மாற்றிக்கொள்ளுங்கள் என்று தொழிலுக்கு வந்த புதிதில் சொன்னார்களாம். அத்தனை எழுத்துக்கும் அரங்க வாசலில் விளக்குப் போட்டால் மின்கட்டணம் கட்டுப்படியாகாதே என்று அவரே கேலி செய்வார். மாற்றவில்லை.

1946இல் வாரிங்டனில் பிறந்தவர். பாதிரியாராக நினைத்து, ஆசிரியராகி, கடைசியில் நடிப்புக்கு வந்தார். எழுபதுகளில் லிவர்பூல் எவ்ரிமேன் அரங்கத்தில் ஜூலி வால்டர்ஸ், பில் நை, ஜொனாதன் பிரைஸ் இவர்களோடு நாடகம் போட்டார்.

துருத்திய கன்ன எலும்பு, அமுங்கிய மூக்கு. எந்த ஒப்பனையாலும் மறைக்க முடியாத முகம். பல வேட நடிகருக்கு இது பெரிய இடைஞ்சல் என்று தோன்றும். அவருக்கு அப்படி இல்லை.

'இன் த நேம் ஆஃப் த ஃபாதர்' (1993) பாருங்கள். இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்ட் நகரக் குண்டுவெடிப்பு வழக்கில் செய்யாத குற்றத்துக்காகச் சிக்கிய மகனுக்கு உதவ வந்து, தானும் சிறைப்பட்ட ஜிசெப்பே கான்லன் வேடம். (நிஜத்தில் அப்பாவும் மகனும் ஒரே அறையில் அடைக்கப்படவில்லை, அது படத்தின் கற்பனை.) எதிரில் மகனாக டேனியல் டே லூயிஸ் கொதிக்கிறார். இவர் குரலை உயர்த்துவதே இல்லை. நம் கண் இவரை விட்டு நகர்வதும் இல்லை. ஆஸ்கர் பரிந்துரை வந்தது. அடுத்த ஆண்டே 'ஷார்ப்' தொலைக்காட்சித் தொடரில் ஹேக்ஸ்வில் என்கிற சார்ஜென்ட். தொப்பிக்குள் வைத்திருக்கும் அம்மாவின் படத்தோடு பேசுகிற கொடூரன். முகம் அதேதான், ஆனால் ஜிசெப்பேவின் சாயல் துளியும் இல்லை.

'த யூசுவல் சஸ்பெக்ட்ஸ்' படத்தில் அவர் போட்ட கோபயாஷி வேடத்தைப் பற்றி வாயைத் திறக்க மாட்டேன். பார்க்காதவர்கள் இருப்பீர்கள்.

எனக்குப் பிடித்தது 'ப்ராஸ்டு ஆஃப்' (1996). யார்க்ஷயரில் மூடப்படவிருக்கும் சுரங்கம், அதன் ஊதுகுழல் இசைக்குழு, அதை நடத்தும் டேனி. சுரங்கம் போனாலும் குழு ஜெயிக்க வேண்டும் என்கிற பிடிவாதக்காரர். நுரையீரல் முழுக்க நிலக்கரித் தூசி. ஆஸ்பத்திரியில் கிடக்கும் அவருக்காக, தலைவிளக்குகளை எரியவிட்டபடி குழுவினர் இரவில் வெளியே நின்று வாசிக்கிறார்கள். கடைசியில் ஆல்பர்ட் ஹால் மேடையில், இசைதான் பெரிது என்று இருந்தேன், மனிதர்கள் முன் அது ஒன்றுமே இல்லை என்று சொல்லிக் கோப்பையை மறுக்கிறார். வேறொருவர் பேசியிருந்தால் பிரசங்கமாகியிருக்கும். இதே மனிதர் 2009இல், கிங்ஸ்நார்த்தில் புதிய நிலக்கரி மின்நிலையத்துக்கு அனுமதி கொடுத்தால் பிரிட்டிஷ் அரசு தந்த என் ஓபிஇ பட்டத்தைத் திருப்பித் தருவேன் என்று அமைச்சரிடமே சொன்னார்.

உலகின் மிகச் சிறந்த நடிகர் என்று இயக்குநர் ஸ்பீல்பெர்க் இவரைப் புகழ்ந்திருக்கிறார். அதற்கும் இவரிடம் பதில் இருந்தது: 'பீட் தன்னை அப்படி நினைத்துக்கொள்கிறான்' என்றுதான் ஸ்பீல்பெர்க் சொல்லியிருப்பார்!

2011 ஜனவரி 2இல் புற்றுநோயால் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'த டவுன்' படத்தில் பாஸ்டன் பூக்கடைக்காரர் வேடம். உண்மையில் கொள்ளைக் கும்பலின் தலைவர். ரோஜாத் தண்டுகளின் முள்ளைச் சீவிக்கொண்டே பென் அஃப்ளெக்கை மிரட்டுவார். மிரட்டல் முடிகிறவரை அந்தக் கைகள் அவசரப்படுவதே இல்லை.