பால்கனி அறைக்குப் பணம், உள்ளறையில் தூக்கம்

கேள்வி: மலேசியாவில் பினாங்கு போயிருந்தோம். ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடு ஒன்றைப் புதுப்பித்து நடத்தும் பூட்டிக் ஹோட்டலில் நான்கு இரவு தங்கினோம். தெருவைப் பார்த்த பால்கனி அறை இரண்டு வேண்டும் என்று ஹோட்டல் பதிவுத் தளம் ஒன்றில் பதிவு செய்து, முழுப் பணத்தையும் இங்கிருந்தே கட்டிவிட்டோம். போனால் ஒன்றுதான் பால்கனி அறை. இன்னொன்றில் ஏசி ஒழுகுகிறது என்று சொல்லி உள்பக்க அறையைக் கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர். லிஃப்ட் கிடையாது, செங்குத்தான மரப்படி. மாமியாருக்கோ முழங்கால் வலி. ஆனால் ஊழியர்கள் தங்கமானவர்கள். மாமியாருக்கு வெங்காயம் பூண்டு இல்லாமல் தினமும் காலையில் தனியாகச் செய்து கொடுத்தார்கள். கிளம்பும்போது சுற்றுலா வரி என்று ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் வாங்கினார்கள். பக்கத்து அறை ஈப்போ தமிழ்க் குடும்பத்திடம் வாங்கவில்லை! கார்டில் ரூபாயாகவே பிடித்திருக்கிறார்கள். டெபாசிட் 200 ரிங்கிட் இன்னும் திரும்பவில்லை. தளத்தில் மதிப்பெண் குறைத்துப் போட்டேன். அதை எடுத்துவிட்டால் அடுத்த முறைக்கு 20 சதவீதத் தள்ளுபடி கூப்பன் தருகிறார்களாம். புகார் கொடுக்கலாமா? அந்தப் பையன்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றும் யோசனையாக இருக்கிறது.
— ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: கொடுங்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுக்காதீர்கள். ஹோட்டலிடம் பணம் கேட்கும் அளவுக்குக் கனமான குறை இதில் ஒன்றுதான்: பால்கனி அறைக்குக் கட்டியவருக்கு உள்ளறை கிடைத்தது. மற்றவற்றில் சிலதில் நியாயம் அவர்கள் பக்கம், சிலது உங்கள் வங்கியோடு பேச வேண்டியது.

வரியை முதலில் முடித்துவிடுவோம். அது ஹோட்டல்காரர் வைத்துக்கொள்ளும் காசு இல்லை. 2017 செப்டம்பரிலிருந்து மலேசிய அரசு வெளிநாட்டவரிடம் வாங்குவது. மலேசியக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் விலக்கு உண்டு. ஈப்போ குடும்பத்திடம் வாங்காதது அதனால்தான். இரண்டு அறை, நான்கு இரவு, 80 ரிங்கிட். கணக்கு சரி. ஒன்றை மட்டும் பாருங்கள். 2023 ஜனவரியிலிருந்து பதிவுத் தளங்களையும் இந்த வரிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். தளம் அனுப்பிய ரசீதில் ஏற்கெனவே சுற்றுலா வரி பிடித்திருந்தால் இரண்டு முறை கட்டியிருக்கிறீர்கள். ஒன்றைத் திருப்பிக் கேளுங்கள்.

படிக்கட்டுக்குப் பணம் கேட்க முடியாது. ஜார்ஜ் டவுன் 2008-இல் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அந்த எல்லைக்குள் இருக்கும் கடைவீடுகளை நினைத்தபடி இடித்து லிஃப்ட் வைக்க விடமாட்டார்கள். கீழே கடை, மேலே குடித்தனம் என்று கட்டியவை. முகப்பு குறுகல், உள்ளே நீளம். வெளிச்சத்துக்கு நடுவில் நம் ஊர் முற்றம் மாதிரி ஒரு திறப்பு. தெருவைப் பார்த்த அறை முன்பக்கம் ஒன்றிரண்டுதான் தேறும். மற்ற அறைகளின் ஜன்னல் அந்தத் திறப்பைத்தான் பார்க்கும். சில அறைகளுக்கு ஜன்னலே இருக்காது. தளத்தில் லிஃப்ட் உண்டு என்று போட்டிருந்தால் கதை வேறு. போடாதபோது, 'தரைத்தளத்தில் அறை உண்டா?' என்று பதிவு செய்யும் முன்பே நாம்தான் ஒரு மெயில் போட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால் இதே கட்டட அமைப்புதான் உங்கள் முக்கியப் புகாருக்குப் பலம். முன்பக்க அறை குறைவு என்பதால்தானே அதற்கு விலை அதிகம்? அந்த அதிகத்தைக் கட்டிவிட்டுச் சுவரைப் பார்த்தீர்கள். ஏசி ஒழுகியது அவர்கள் தலைவலி. வேறு அறை கொடுத்ததில் தப்பில்லை, விலை வித்தியாசத்தைத் தாங்களாகவே திருப்பாததுதான் தப்பு. அதனால் முழு வாடகையையும் கேட்காதீர்கள். தங்கினீர்கள், சாப்பிட்டீர்கள். பால்கனி அறைக்கும் உள்ளறைக்கும் ஓர் இரவுக்கு என்ன வித்தியாசமோ, அதை நான்கால் பெருக்கிக் கேளுங்கள், அதுவும் ஓர் அறைக்கு மட்டும். அளவாகக் கேட்கிறவருக்குத்தான் சீக்கிரம் கிடைக்கிறது.

கேட்கும்போது கையில் என்ன இருக்க வேண்டும்? அறையின் வகை எழுதியிருக்கும் உறுதிப்படுத்தல் மெயில், தளத்தில் அந்த அறையின் பக்கம் (மாற்றிவிடுவார்கள், இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்), உள்ளறையின் படம், அப்புறம் அங்கேயே ஆட்சேபம் சொன்னதற்கு ஒரு தடயம். இந்தக் கடைசி ஒன்றில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வாயால் சொல்லிவிட்டு வந்துவிடுவோம். 'ஒத்துக்கொண்டுதானே தங்கினீர்கள்' என்று பின்னால் பதில் வரும். வாட்ஸ்அப்பில் ஒரு வரிகூட இல்லையென்றால் இப்போது மேலாளருக்கு எழுதுங்கள்: 'நாங்கள் வந்த அன்று பால்கனி அறையில் ஏசி ஒழுகுவதாகச் சொல்லி உள்பக்க அறை கொடுத்தீர்கள். வேண்டாம் என்று வரவேற்பில் சொன்னோம். விலை வித்தியாசத்தை எப்போது திருப்புவீர்கள்? உங்கள் ஊழியர்கள் எங்களை மிக நன்றாகக் கவனித்தார்கள். அவர்கள் மேல் எந்தப் புகாரும் இல்லை.' அவர் 'ஏசி விஷயத்துக்கு மன்னிக்கவும்' என்று பதில் போட்டாலே போதும், அதுதான் ஆதாரம். பையன்களைப் பற்றிய உங்கள் கவலைக்கும் கடைசி வாக்கியம் பதில் சொல்லிவிடும்.

பணம் வாங்கியது பதிவுத் தளம் என்பதால் அதே கடிதம் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கும் போக வேண்டும். இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். வெளிநாட்டுத் தளமாக இருந்தாலும், இந்திய வாடிக்கையாளர்களுக்குத் தொடர்ந்து விற்கிறதென்றால் இந்த விதி பொருந்தும். 'நாங்கள் வெறும் இடைத்தரகர்' என்று முதல் பதில் வரும். அதைப் படித்துவிட்டுச் சோர்ந்து போகாதீர்கள், அது எல்லோருக்கும் வருவதுதான்.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் ஒரு மாதம் முழுக்கக் காத்திருக்கக்கூட வேண்டாம். வங்கியிடம் 'சொன்ன சேவை கிடைக்கவில்லை' என்று சார்ஜ்பேக், அதாவது கார்டில் போன பணத்தை வங்கி வழியாகவே திரும்பப் பெறுவது, கேட்கலாம். கார்டு நிறுவனங்கள் இதற்குப் பொதுவாக 120 நாள் தருகின்றன. வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனிடம் (வங்கிப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம்.

நுகர்வோர் ஆணையம்? போகலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், பினாங்கு வரை போக வேண்டியதில்லை. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே போடலாம். கெடு இரண்டு வருஷம். ஆனால் ஒரு பால்கனியின் விலை வித்தியாசத்துக்காக வாய்தா வாய்தாவாக அலைய நான் சொல்ல மாட்டேன். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள், தமிழிலும் பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் வழக்கு. அப்போதும் எதிர்வாதியாக நிறுத்த வேண்டியது இந்தியாவில் அலுவலகம் உள்ள தளத்தைத்தான். கடல் தாண்டி இருக்கும் சின்ன ஹோட்டலிடம் தீர்ப்பைக் காட்டி வசூலிப்பது நடக்கிற காரியமில்லை.

கார்டு விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டு மெஷினில் 'ரூபாயா, ரிங்கிட்டா' என்று கேட்கும். எப்போதும் ரிங்கிட். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தை அந்த மெஷினை நடத்துகிறவர்கள் வைப்பார்கள், அதில் அவர்கள் லாபமும் ஏறும். அதோடு விடாது: வெளிநாட்டுக் கடைக்கு ரூபாயில் போனாலும் நம் வங்கிகள் பலவும் தனிக் கட்டணம் போடுகின்றன. தேர்வு செய்யும் உரிமை உங்களுடையது என்பது கார்டு நிறுவனங்களின் விதி. கேட்காமலே ரூபாயை அழுத்தியிருந்தால் அதையும் வங்கியில் தகராறாகப் பதியலாம். சம்மதித்ததாக அச்சான சீட்டில் கையெழுத்துப் போட்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

டெபாசிட், பிடித்து வைத்த தொகையா, எடுத்தே விட்டதா என்று ஸ்டேட்மென்டில் பாருங்கள். பிடித்து வைத்தது என்றால் ஹோட்டல் விடுவித்த பிறகும் வங்கியில் சில நாள் தொங்கும். எடுத்துவிட்டார்கள் என்றால், திருப்பி அனுப்பியதற்கான சீட்டைக் கேளுங்கள்.

கூப்பன் வேண்டாம். மறுபடி பினாங்கு போனால்தானே அது காசு? நான் உங்கள் இடத்தில் இருந்தால் மதிப்புரையை எடுக்க மாட்டேன், திருத்துவேன். காலை உணவும் பையன்களின் அன்பும் ஒரு பத்தி; அறை மாறியதும் பணம் திரும்பாததும் ஒரு பத்தி; லிஃப்ட் இல்லை, படி செங்குத்து என்பது ஒரு வரி. முழங்கால் வலியோடு அடுத்து தேடப்போகும் யாருக்கோ மதிப்பெண்ணைவிட அந்த ஒரு வரிதான் உதவும். வித்தியாசப் பணம் வந்தால் அதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

கேள்வி: பினாங்கில் பதிவு செய்த ஹோட்டலை '15-ஆம் தேதி இரவு 11.59 வரை இலவசமாக ரத்து செய்யலாம்' என்று போட்டிருந்தது. 15-ஆம் தேதி இரவு பத்தரைக்கே ரத்து செய்தேன். ஓர் இரவு வாடகையைப் பிடித்துவிட்டார்கள். அநியாயம்தானே?
— ஒரு வாசகர், டோம்பிவிலி

பதில்: மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். உங்கள் பத்தரைக்கு அங்கே 16-ஆம் தேதி அதிகாலை ஒரு மணி. கெடு பெரும்பாலும் ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரப்படிதான். உறுதிப்படுத்தல் மெயிலில் எந்த ஊர் நேரம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எங்கேயுமே எழுதவில்லை என்றால் அதைச் சொல்லித் தளத்திடம் வாதாடலாம். எழுதியிருந்தால் சட்டம் பேசிப் பயனில்லை; ஹோட்டலுக்கே பணிவாக ஒரு மெயில் போடுங்கள். அந்த அறை வேறு யாருக்காவது போயிருந்தால் சின்ன ஹோட்டல்காரர்கள் பலர் விட்டுக்கொடுப்பார்கள். சிங்கப்பூர், பாலிக்கும் இதே இரண்டரை மணி நேரம்தான், பாங்காக்குக்கு ஒன்றரை.