பழைய விபி புரொஜெக்ட், புது லாப்டொப்

கேள்வி: சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலைக்கு 2012இல் விபி டொட் நெட்டில் பில் அடிக்கும் புரொகிராம் எழுதிக் கொடுத்தேன். எழுதியது விஷுவல் ஸ்டூடியோ 2010இல், தரவுகள் அக்சஸ் டேட்டாபேஸில், பில்லை வடிவமைத்து அச்சடிக்க கிறிஸ்டல் ரிப்போர்ட்ஸ். விவசாயிகளின் பெயர்கள் பாமினியில் (ஆங்கில எழுத்துகளைத் தமிழாகக் காட்டும் பழைய எழுத்துரு). புது லாப்டொப்பில் விஷுவல் ஸ்டூடியோ 2022 பதிப்பைப் போட்டுத் திறந்தால், பிரேம்வேர்க் 4.0 (புரொகிராமுக்கு அடித்தளமான டொட் நெட்டின் பழைய பதிப்பு) இல்லை என்கிறது. நேரே புதிய டொட் நெட் 8க்குப் போய்விடலாமா? (வாசகர், கல்முனை)

பதில்: வேண்டாம். மில்லில் இருக்கும் கணினி எது என்று முதலில் பாருங்கள். அது வின்டோஸ் 7 என்றால் டொட் நெட் 8க்கு அதில் ஆதரவு இல்லை. கிறிஸ்டலும் டொட் நெட் 8இல் வேலை செய்யாது, பில்லையே புதிதாக வடிவமைக்க வேண்டி வரும். உங்களுக்கு வேண்டியது பிரேம்வேர்க் 4.8. சர்வீஸ் பேக் 1 போட்ட வின்டோஸ் 7 முதல் வின்டோஸ் 11 வரை அது ஓடும். எக்ஸ்பி என்றால் 4.0க்கு மேல் ஏறாது, கணினியைத்தான் மாற்ற வேண்டும்.

4.0க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2016 ஜனவரியில் நிறுத்திவிட்டது, 2022 பதிப்போடு அது வருவதில்லை. திறக்கும்போதே 4.8க்கு மாற்றவா என்று கேட்கும், சம்மதியுங்கள். அதற்கு முன் முழு போல்டரையும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். பென் டிரைவில் இருந்த ஒரே பிரதியைத் திறந்து கைசுட்டவன் நான்.

கொம்பைல் ஆனதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஓடவிட்டால் 'ஜெட் 4.0 பதிவாகவில்லை' என்று வரக்கூடும். பழைய அக்சஸ் கோப்பைத் திறக்கும் ஜெட் 32 பிட்டில் மட்டுமே உண்டு. 'எனி சிபியூ' (32, 64 பிட் இரண்டிலும் ஓடலாம்) என்று இருக்கும் புரொகிராம் 64 பிட் வின்டோஸில் 64 பிட்டாக ஓடி, ஜெட்டைக் காணாமல் நிற்கும். புரொஜெக்ட் அமைப்பில் 'எக்ஸ்86', அதாவது 32 பிட், என்று மாற்றினால் சரி. கிறிஸ்டலை 2022க்கு உரிய பதிப்பாகத் தனியே நிறுவி, புரொஜெக்டில் பழைய கிறிஸ்டலைச் சுட்டும் ரெபரன்ஸ்களை நீக்கிப் புதியவற்றைச் சேருங்கள். மில் கணினிக்கு கிறிஸ்டலின் 32 பிட் ரன்டைம் (அது ஓடத் தேவையான கோப்புகள்) வேண்டும்.

எனக்கு அதிகம் பயம் தருவது திகதிதான், ஏனென்றால் அது பிழைச் செய்தி காட்டாது. டேட்டாபேஸிடம் தரவு கேட்கும் எஸ்கியூஎல் வரிக்குள் திகதியை எழுத்தாக ஒட்டியிருந்தால், அக்சஸ் அதை மாதம், நாள் என்ற வரிசையில் படிக்கும். பழைய கணினி அமெரிக்க முறையில் இருந்ததால் இத்தனை வருடம் தப்பியிருக்கலாம். புது லாப்டொப் நாள், மாதம் என்ற முறையில் இருந்தால், பெப்ரவரி 3 என்பது 03/02 ஆகி, மார்ச் 2இன் பில்களைக் கொண்டுவரும். பெப்ரவரி 13க்கோ ஒழுங்காக வரும், பதின்மூன்றாவது மாதம் இல்லையே! பாதி நாள் சரி, பாதி நாள் பிழை. மில் முதலாளி கணக்குப்பிள்ளையைத்தான் சந்தேகிப்பார். அந்த வரிகளைத் தேடி, திகதியை எழுத்தாக ஒட்டாமல் தனி மதிப்பாக அனுப்பும் பராமீட்டராக எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

பாமினியை இப்போது தொடாதீர்கள். 'தமிழ்' என்ற சொல் அந்த டேட்டாபேஸில் ஜே, கே, பீ, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி என்றுதான் கிடக்கிறது. எழுத்துருவை லாப்டொப்பில் நிறுவினால் தமிழாகத் தெரியும். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றுவது நல்ல வேலைதான், ஆனால் தனி வேலை. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் பிழை எதனால் வந்தது என்று பிடிக்க முடியாது.

கடைசியாக, போன போகத்தில் 12ஆம் திகதிக்கு முன் ஒரு நாளையும் பின் ஒரு நாளையும் எடுத்து, பழையதிலும் புதியதிலும் பில் அடித்து, மூடை, கிலோ, தொகை மூன்றையும் ஒப்பிடுங்கள். பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக நெல் லொறி லொறியாக வந்து நிற்கும்போது மாற்றப் போகாதீர்கள். மாற்றிய பிறகும் ஒரு போகம் முடியும்வரை பழைய புரொகிராம் அந்தக் கணினியிலேயே இருக்கட்டும்.