சுமாரான மதிப்பெண்ணோடு அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிக்கு: கேள்வி பதில்

கேள்வி: என் ஜிபிஏ (பள்ளி மதிப்பெண் சராசரி) 4-க்கு 3.3. அமெர்ஸ்ட், வில்லியம்ஸ், ஸ்வார்த்மோர் மூன்றுக்கும் போடலாமா?

பதில்: போடலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் இளங்கலையில் பல துறைகளையும் கலந்து கற்பிக்கும் இந்தச் சிறிய கல்லூரிகள் மூன்றுமே பத்தில் ஒருவரைக்கூட எடுக்காத இடங்கள். ஆசைக்கு ஒன்று போதும். மிச்ச நேரத்தை டெனிசன், டிக்கின்சன், வூஸ்டர் மாதிரி கல்லூரிகளுக்குக் கொடுங்கள். வூஸ்டரில் ஒவ்வொரு மாணவரும் கடைசி ஆண்டில் ஒரு பேராசிரியரின் வழிகாட்டலில் சொந்தமாக ஆய்வு செய்தாக வேண்டும். பெயர் பெரிதாக இல்லை என்று இதையெல்லாம் ஒதுக்குபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பாடங்களில் சி கிரேடு வாங்கினாள். பிறகு தேறிவிட்டாள். அந்த சி-க்களே கெடுத்துவிடுமா?

பதில்: கெடுக்காது. சேர்க்கைக் குழு சராசரியோடு நிற்பதில்லை, டிரான்ஸ்கிரிப்டை (பாடவாரி மதிப்பெண் பட்டியலை) வரிவரியாகப் படிக்கும். கணக்கில் சி, அடுத்த ஆண்டு பி, பதினொன்றில் ஏபி (பள்ளியிலேயே கல்லூரித் தரப் பாடம்) வகுப்பு எடுத்து அதிலும் பி என்றால், லேசான பாடங்களில் குவித்த ஏ-க்களைவிட அதற்கு மதிப்பு உண்டு. பள்ளி அனுப்பும் ‘ஸ்கூல் ப்ரொஃபைல்’ அங்கே என்னென்ன கடினமான வகுப்புகள் இருந்தன என்பதையும் காட்டிவிடும். பன்னிரண்டின் அரையாண்டு மதிப்பெண்களும் போகும், அதனால் இப்போது தளர விடாதீர்கள்.

காரணம் இருந்தால் விண்ணப்பத்தின் ‘கூடுதல் தகவல்’ பகுதியில் சுருக்கமாகச் சொல்லட்டும்: “அந்தப் பருவத்தில் அம்மா மருத்துவமனையில் இருந்தார். தம்பியை நான்தான் பார்த்துக்கொண்டேன். இரண்டு பாடங்களில் சி வந்தது. அடுத்த ஆண்டு கணக்கில் பி பிளஸ்.” இவ்வளவு போதும், புலம்பல் வேண்டாம். இதையே பள்ளியின் கவுன்சிலர் (வழிகாட்டி ஆலோசகர்) தன் கடிதத்தில் சொன்னால் இன்னும் நல்லது. அப்புறம், பரிந்துரைக் கடிதத்துக்கு ஏ கொடுத்த ஆசிரியரைத்தான் தேட வேண்டும் என்றில்லை. திணறித் தேறியதைக் கண்ணால் பார்த்தவர் எழுதும் கடிதத்தில் விஷயம் இருக்கும்.

கேள்வி: விண்ணப்பக் கட்டுரை பிரமாதமாக இருந்தால் மதிப்பெண்ணை மறந்துவிடுவார்களா அக்கா?

பதில்: மாட்டார்கள். 650 சொற்களில் நாலு வருடத்தை அழிக்க முடியாது. ‘இவரை எடுக்கலாமா’ என்று தயங்கும் இடத்தில்தான் கட்டுரை கைகொடுக்கும்.

கேள்வி: எஸ்ஏடி (கல்லூரி சேர்க்கைக்கான பொதுத் தேர்வு) மதிப்பெண்ணை அனுப்பாமல் விடலாமா?

பதில்: போடோயின் கல்லூரி 1969-லேயே அதைக் கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டது. இன்றும் பல கல்லூரிகளில் உங்கள் விருப்பம்தான், ஆனால் விதி மாறலாம், விண்ணப்பிக்கும் ஆண்டில் பாருங்கள். அந்தக் கல்லூரியில் சேர்ந்தவர்களில் நடுப் பாதிப்பேரின் மதிப்பெண் வரம்புக்குக் கீழே இருந்தால் அனுப்ப வேண்டாம். அனுப்பாவிட்டால் முழு பாரமும் டிரான்ஸ்கிரிப்ட் மேல் விழும், அதையும் யோசியுங்கள்.

கேள்வி: எர்லி டிசிஷன் (ஒரே ஒரு கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பது) போட்டால் வாய்ப்பு கூடுமா?

பதில்: ஓரளவு கூடும், சேர்க்கை விகிதப் பட்டியலில் தெரியும் அளவுக்கு இல்லை. அந்த உயர்ந்த விகிதத்தில் பயிற்சியாளர்கள் முன்பே தேர்ந்தெடுத்த விளையாட்டு வீரர்களும் கலந்திருக்கிறார்கள். கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதால், நிதியுதவியை மற்ற கல்லூரிகளோடு ஒப்பிடவும் முடியாது. முதலில் கல்லூரித் தளத்திலுள்ள செலவுக் கணிப்பானில் வீட்டு வருமானத்தைப் போட்டுப் பாருங்கள். தொகை கட்டுப்படியானால் போடுங்கள். நவம்பரில் தயாராக இல்லாதவர்களுக்கு ஜனவரியில் இரண்டாம் சுற்று வைக்கும் கல்லூரிகளும் உண்டு. சுமாரான மதிப்பெண் உள்ளவர்களுக்கு அதுதான் வசதி, பன்னிரண்டின் புது மதிப்பெண்களும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிடும்.